சொந்த கிளீன்ரூமா, பொது நானோஃபேப்பா, ஃபவுண்டரியா?

கையில் ஒரு வடிவமைப்பு இருக்கிறது. அதைச் சிலிக்கான் மேல் செய்து பார்க்க வேண்டும். ஆய்வு மாணவராக இருந்தாலும், இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய ஸ்டார்ட்அப்பாக இருந்தாலும், அடுத்த கேள்வி ஒன்றுதான்: எங்கே செய்வது? சொந்தமாகக் கிளீன்ரூம், அதாவது தூசி வடிகட்டிய காற்றில் சிப் செய்யும் அறை, கட்டலாம். பலரும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் சிப் தயாரிப்புக் கூடமான பொது நானோஃபேப் (சுருக்கமாக ஃபேப்) ஒன்றில் பயிற்சி எடுத்து நாமே உள்ளே போய்ச் செய்யலாம். அதே ஃபேப்பின் பொறியாளர்களிடம் கொடுத்துச் செய்து வாங்கலாம். பிறர் வடிவமைத்த சிப்களைச் செய்து கொடுக்கும் வணிக ஃபவுண்டரிக்கு அனுப்பலாம்.

பெரும்பாலானோர் இந்த நான்கையும் மணிக் கட்டணத்தை வைத்து ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. உங்கள் சாதனத்தில் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன? அது சரியாக வருவதற்குள் எத்தனை சுற்று போக வேண்டியிருக்கும்?

பொதுவாகப் பேசினால் எல்லா வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு சாதனத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: மைக்ரோ ஹீட்டர் வைத்த வாயு சென்சார்.

ஒரு சென்சாரின் பாதை

100 மில்லிமீட்டர் விட்டம், 525 மைக்ரான் தடிமன் உள்ள சிலிக்கான் வட்டத் தகடு, அதாவது வேஃபர். 800 டிகிரி வாக்கில் இருக்கும் உலையில் அதன் இரு பக்கமும் சிலிக்கான் நைட்ரைடு படிய வைக்கிறோம். முன்பக்கத்தில் பிளாட்டினத்தால் வளைந்து வளைந்து போகும் ஹீட்டர், அதன் மேல் காப்புப் படலம், அதற்கும் மேல் மின்முனைகள், கம்பி இணைக்கத் தங்கப் பட்டைகள், கடைசியில் வாயுவை உணரும் டின் ஆக்சைடு. பின்பக்க நைட்ரைடில் ஒரு ஜன்னல் திறந்து, அதன் வழியே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலால் சிலிக்கானை அரித்து எடுத்துவிட்டால், ஹீட்டர் வெறும் நைட்ரைடுச் சவ்வின் மேல் நிற்கும். அடியில் சிலிக்கான் இல்லாததால் சூடு பக்கவாட்டில் ஓடிப் போகாது. சில பத்து மில்லிவாட்டிலேயே 300 டிகிரியைத் தொட்டுவிடலாம்.

அந்த அரிப்பு நேராக இறங்காது. சிலிக்கான் படிகத்தின் தளத்தைப் பிடித்துக்கொண்டு 54.7 டிகிரி சாய்வில் இறங்கும். முன்பக்கம் 1 மில்லிமீட்டர் சதுரச் சவ்வு வேண்டுமென்றால் பின்பக்க ஜன்னலை ஏறக்குறைய 1.74 மில்லிமீட்டருக்குத் திறக்க வேண்டும். 80 டிகிரி கரைசலில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரான் போகிறது என்று வைத்தால், வேஃபரைக் கடந்து முடிக்க எட்டே முக்கால் மணி நேரம். அத்தனை நேரமும் முன்பக்க உலோகங்களில் கரைசல் படாமல் காக்க வேண்டும். கடைசி அரை மணி நேரத்தில் சவ்வு தெரிய ஆரம்பிக்கும்போது யாராவது பக்கத்தில் நின்றாக வேண்டும்.

இந்தப் பாதையில் மூன்று வில்லங்கமான பொருட்கள் இருக்கின்றன: தங்கம், பிளாட்டினம், பொட்டாசியம். தங்கம் சிலிக்கானுக்குள் சூட்டில் மிக வேகமாகப் பரவி, மின்னூட்டங்களைப் பிடித்து அழிக்கும் பொறிகளை உண்டாக்கும். பொட்டாசியமும் சோடியமும் ஆக்சைடுக்குள் நகர்ந்து திரியும் அயனிகள். டிரான்சிஸ்டரின் திறப்பு மின்னழுத்தத்தையே இடம் மாற்றிவிடும். ஒருவருடைய வேஃபரில் ஒட்டிக்கொண்டு உலைக்குள் போனது, அடுத்த வாரம் வேறொருவரின் டிரான்சிஸ்டரில் தெரியும். அதனால்தான் எந்த ஃபேப்பும் தன் கருவிகளைச் சுத்தமானவை, ஓரளவு சுத்தமானவை, எந்த உலோகமும் போகலாம் என்று தரம் பிரித்து வைத்திருக்கும். தங்கம் பூசிய வேஃபர் சுத்தமான உலைக்குத் திரும்பவே முடியாது.

எங்கே செய்வது என்ற கேள்வியில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. நம் சென்சாரில் உலை வேலை முதலில், உலோகம் நடுவில், பொட்டாசியம் கடைசியில் வருகிறது. இந்த வரிசை பெரும்பாலான பொது ஃபேப்களின் விதிக்கு ஒத்துப்போகும். இதே சென்சாரில் உலோகத்துக்குப் பிறகு இன்னொரு முறை உலை வேண்டும் என்று நீங்கள் வடிவமைத்திருந்தால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பல இடங்களில் கதவு திறக்காது. அப்போது ஃபேப்பைத் தேடுவதற்கு முன் வடிவமைப்பை மாற்றுங்கள். உலைக்குப் பதில் குறைந்த சூட்டில் பிளாஸ்மா மூலம் படிய வைக்கும் படலத்துக்குப் போக முடியுமா என்று பாருங்கள்.

சொந்தமாகக் கட்டினால்

சொந்தக் கிளீன்ரூம் என்றதும் மனதில் வருவது சுதந்திரம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எந்த உலோகமும் போகலாம். இரவு இரண்டு மணிக்கும் வேலை செய்யலாம். எல்லாம் உண்மை. கட்டுவதற்குப் பணம் கொடுக்கிறவர்களும் கிடைப்பார்கள், ஏனென்றால் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. பத்தாவது ஆண்டில் பழுதான வெற்றிடப் பம்ப்புக்கு எந்த விழாவும் கிடையாது.

ஐ.எஸ்.ஓ. 5 தரம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானோ அதற்கு மேலோ உள்ள துகள்கள் 3,520-க்கு மேல் இருக்கக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 7 என்றால் 3,52,000 வரை போகலாம். இந்த எண்களைப் பிடித்து வைத்திருப்பது கூரையிலிருந்து ஓயாமல் இறங்கும் வடிகட்டிய காற்று. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விசிறிகள் சுற்ற வேண்டும். வடிவம் பதிக்க வேஃபர் மேல் பூசும் ரெசிஸ்ட் என்ற படலம் ஒழுங்காக ஒட்ட ஈரப்பதம் ஒரே அளவில் நிற்க வேண்டும். அமிலப் புகையை வெளியே தள்ளும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஈடாகப் புதுக் காற்றை உள்ளே இழுத்து, குளிர்வித்து, உலர்த்தி, வடிகட்ட வேண்டும். மின்கட்டணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது, கருவிகளில் அல்ல.

அடுத்தது வாயுக்கள். சிலேன் காற்றைத் தொட்டாலே தீப்பிடிக்கும். பாஸ்பீன், டைபோரேன் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. இவற்றுக்குத் தனி அலமாரி, கசிவு உணரி, தானாக மூடும் வால்வு, கழிவு வாயுவை எரித்துக் கழுவும் அமைப்பு எல்லாம் வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வைத்திருந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தனியாக ஒருவர் அதைக் கையாளக் கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள நிரந்தர ஆட்கள் தேவை. ஒரு பேராசிரியரின் குழுவோ ஆறு பேர் கொண்ட நிறுவனமோ இந்தச் சுமையை எடுத்துக்கொண்டால், சென்சார் செய்வதை விட்டுவிட்டுக் காற்றாடி பார்க்கிற வேலைதான் முழுநேர வேலையாகிவிடும்.

சொந்தமாக வைத்திருப்பது நியாயப்படும் இடங்களும் உண்டு. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான மீக்கடத்தி க்யூபிட் செய்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம், ஆக்சைடு, அலுமினியம் என்று மூன்றடுக்காக வரும் சந்தியின் தரம், படலம் படியும் அறையின் சுத்தத்தையே நம்பியிருக்கிறது. அந்த ஒரு அறையை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள அவர்கள் தயங்குவது சரிதான். ஆனால் அதற்குத் தேவை ஒரு கருவி; ஒரு முழுக் கிளீன்ரூம் அல்ல. சில பொது ஃபேப்கள் வெளியாரின் சொந்தக் கருவியைத் தங்கள் கூரையின் கீழ் வைத்து நடத்த இடம் கொடுக்கின்றன. கேட்டுப் பார்க்காமலேயே இந்த வழியைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

பொது ஃபேப் எப்படி வந்தது

விலையுயர்ந்த கருவிகளை ஒரே இடத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு புதிதல்ல. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1977-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இப்படியொரு தேசியக் கூடத்துக்குப் பணம் கொடுத்தது. 1994-இல் அது ஐந்து பல்கலைக்கழகங்களின் வலையமைப்பாகியது. 2004-இல் இன்னும் விரிந்தது. 2015-இல் 16 தளங்களோடு என்.என்.சி.ஐ. என்ற பெயரில் புது உருவம் எடுத்தது. ஆஸ்திரேலியாவில் ஏ.என்.எஃப்.எஃப்., சுவீடனில் மைஃபேப், நெதர்லாந்தில் நானோலேப் என்.எல்., பிரான்சில் ரெனாடெக், இந்தியாவில் 2008-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் தொடங்கிய ஐ.என்.யு.பி. என்று நாட்டுக்கு நாடு இதே யோசனை. ஜப்பான் 2021-இல் ஆரிம் என்ற திட்டத்துக்கு மாறியபோது, கருவியோடு கருவியிலிருந்து வரும் தரவையும் பகிரும் ஏற்பாட்டைச் சேர்த்தது. இதை மற்ற நாடுகளும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு அரிப்பு ரெசிபியை, அதாவது கருவிக்குக் கொடுக்கும் வாயு, அழுத்தம், சக்தி அளவுகளை, ஒவ்வொரு மாணவரும் புதிதாகக் கண்டுபிடிக்கும் வீண் வேலை அதனால் குறையலாம்.

இந்த வழியில் ஆய்வும் தொழிலும் எப்படிச் சந்திக்கின்றன என்பதற்குக் கார்னெலிலேயே ஒரு சான்று இருக்கிறது. கண்ணாடி மேல் பூசிய அலுமினியப் படலத்தில் சில பத்து நானோமீட்டர் அகலத் துளைகள் போட்டால், ஒளி அவற்றுக்குள் முழுதாக நுழைய முடியாமல் அடியிலேயே தங்கிவிடும். அந்த மிகச் சிறிய ஒளிப் பகுதிக்குள் ஒரே ஒரு நொதி மூலக்கூறு டி.என்.ஏ. எழுதுவதைப் பார்க்கலாம் என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டார்கள். பசிபிக் பயோசயன்சஸ் நிறுவனத்தின் மரபணு வாசிப்பு இயந்திரங்கள் அந்தத் துளைகளிலிருந்து வந்தவை.

உள்ளே போய் நாமே செய்வதா, செய்து வாங்குவதா?

பொது ஃபேப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் இந்தக் கேள்வியைத்தான் பலரும் சரியாக யோசிப்பதில்லை. நாமே செய்வது என்றால் பாதுகாப்பு வகுப்பு, பிறகு ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பயிற்சி, தனித் தேர்ச்சி. நம் சென்சாருக்குக் குறைந்தது ஈரமேசை, ரெசிஸ்ட் சுழற்றி, மாஸ்க் அலைனர் (மாஸ்க் என்ற வடிவத் தகட்டின் வழியே ஒளி பாய்ச்சி ரெசிஸ்ட்டில் வடிவம் பதிக்கும் கருவி), உலோகம் பூசும் கருவி, பிளாஸ்மாவால் அரிக்கும் பிளாஸ்மா எட்ச்சர், படலத் தடிமன் அளக்கும் கருவி எல்லாம் கற்க வேண்டும். உலையைப் பல இடங்களில் ஊழியர்களே இயக்குவார்கள். ஒரு மாணவர் துணையில்லாமல் முழு வேஃபரை முடிக்கும் நிலைக்கு வர மாதங்கள் ஆகும். செய்து வாங்குவது என்றால் பயிற்சி இல்லை. ஊழியர் நேரத்துக்கும் சேர்த்துக் கட்டணம். வரிசையில் காத்திருக்க வேண்டும்.

ஒரு முறை செய்தால் போதும் என்ற வேலைக்குச் செய்து வாங்குவதே மேல். ஒரு மைக்ரோஃப்ளூயிடிக் அச்சு, நான்கு மின்முனை வரிசை, கண்ணாடி மேல் சில குறியீடுகள் போன்றவற்றுக்காக யாரும் ஆறு கருவிகளில் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. உயிரியல் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

ஆனால் செய்முறையே ஆய்வாக இருந்தால் கதை வேறு. பிளாட்டினம் லிஃப்ட்-ஆஃப் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ரெசிஸ்ட்டில் வடிவம் திறந்து, மேலே உலோகம் பூசி, கரைப்பானில் போட்டால் ரெசிஸ்ட்டோடு வேண்டாத உலோகமும் கழன்று போக வேண்டும். விளிம்பில் ரெசிஸ்ட் சுவரின் அடிப்பக்கம் உள்வாங்கி, மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் சுத்தமாகக் கழலும். செங்குத்தாகவோ அடிப்பக்கம் அகன்றோ இருந்தால் சுவரிலும் உலோகம் ஏறி, பிறகு கிழிந்து, விளிம்பில் செதில் செதிலாக நிற்கும். மைக்ராஸ்கோப்பில் அந்தச் செதிலைப் பார்த்தவுடன், ரெசிஸ்ட்டைக் கரைத்து வடிவம் திறக்கும் டெவலப்பரில் கூடுதலாக எத்தனை விநாடி வைக்க வேண்டும், பூசும் கருவியில் வேஃபர் சாய்வாக இருந்ததா என்று யோசனை ஓடும். மேலே வரும் காப்புப் படலத்தை அந்தச் செதில் துளைத்து, ஹீட்டரும் மின்முனையும் ஒட்டிக்கொள்ளும் என்பது அடுத்த யோசனை. செய்து வாங்குகிறவருக்கு இந்தத் தகவல் வராது. அவருக்கு வருவது ‘12 சிப்களில் 5 வேலை செய்கின்றன’ என்ற வரி மட்டும்தான். காரணம் அங்கே தங்கிவிடுகிறது; அடுத்த சுற்று குருட்டுத்தனமாகத் தொடங்குகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாணவர் பட்டம் வாங்கிப் போனால் அந்த விநாடிக் கணக்கும் அவரோடு போய்விடும். ஃபேப்பின் பொறியாளர் பத்து ஆண்டு அங்கேயே இருப்பார். அதனால் ஒரு ஃபேப்பை எடைபோடும்போது அதன் கருவிப் பட்டியலைவிட ஆட்களைப் பற்றி விசாரிக்கச் சொல்வேன். எலெக்ட்ரான் கற்றையால் ரெசிஸ்ட்டில் நுண்ணிய வடிவம் எழுதும் எலெக்ட்ரான் பீம் கருவியை எத்தனை பேர் முழுமையாக அறிவார்கள்? அவர் விடுப்பில் போனால் கருவி நிற்குமா? ஒரே ஆளை நம்பியிருக்கும் கருவியை அரைக் கருவி என்றுதான் கணக்கில் வைக்க வேண்டும்.

எலெக்ட்ரான் பீம் என்றதும் ஒரு கணக்கைக் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் மணிக் கட்டணம் எப்படி ஏமாற்றும் என்பது இதில்தான் நன்றாகத் தெரியும். பி.எம்.எம்.ஏ. என்ற வகை ரெசிஸ்ட்டுக்கு 100 கிலோவோல்ட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோகூலோம் மின்னூட்டம் தேவை என்று வையுங்கள். 1 நானோஆம்பியர் கற்றையால் ஒரு சதுர சென்டிமீட்டரை முழுக்க நிரப்ப 10 லட்சம் விநாடி ஆகும். அதாவது பதினொன்றரை நாள். 100 நானோஆம்பியருக்கு மாற்றினால் 10,000 விநாடி, மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் கற்றை மின்னோட்டம் கூடினால் கற்றையின் புள்ளியும் தடிக்கும். 20 நானோமீட்டர் கோடு கேட்டால் வராது. வடிவத்தை இரண்டாகப் பிரித்து, நுண்ணிய பகுதிக்குக் குறைந்த மின்னோட்டம், பெரிய பட்டைகளுக்கு அதிக மின்னோட்டம் என்று எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் கட்டுவதில் ஒரு சிறு பங்கைத்தான் கட்டுவார். பட்டைகளை அலைனரிலோ லேசர் எழுதியிலோ செய்துவிடுகிறவர் அதைவிடக் குறைவாகக் கட்டுவார். இரண்டு ஃபேப்களின் மணிக் கட்டண வித்தியாசம் இந்த வித்தியாசத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

பகிர்வதன் விலை

பொது ஃபேப்பின் உண்மையான குறை, நமக்கு முன்னால் அந்தக் கருவியில் வேறொருவர் இருந்தார் என்பதுதான். பிளாஸ்மா எட்ச்சரின் சுவரில் முந்தைய வேலையின் எச்சம் படிந்திருக்கும். நேற்று ஒருவர் பாலிமர் நிறைய விடும் ரெசிபியை நாள் முழுக்க ஓட்டியிருந்தால், இன்று உங்கள் நைட்ரைடு அரிப்பு வேகம் போன வாரத்து அளவில் இருக்காது. பழகியவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் லாக்புக்கைப் புரட்டுவார்கள். பிறகு ஆக்சிஜன் பிளாஸ்மாவில் அறையைச் சுத்தம் செய்து, தங்கள் ரெசிபியையே வெறும் வேஃபரில் சிறிது நேரம் ஓட்டி அறையைப் பழக்கி, ஒரு டம்மி வேஃபரில் வேகத்தை அளந்து, அப்புறம்தான் நல்ல வேஃபரை உள்ளே விடுவார்கள். நான்கு மணி நேர முன்பதிவில் முக்கால் பங்கு இதற்கே போகும் நாளும் உண்டு. உங்கள் செலவுக் கணக்கில் இது இருக்க வேண்டும். டம்மி வேஃபர், தங்கமும் பிளாட்டினமும் தடிமனுக்குத் தகுந்தபடி தனியாக வாங்கும் கட்டணம், மாஸ்க் செலவு, பயணம் எல்லாவற்றையும் சேர்த்தால் மணிக் கட்டணம் மொத்தத்தில் ஒரு பகுதிதான்.

மாஸ்க்கைப் பொறுத்தவரை ஒரு சிக்கனம் உண்டு. ஆரம்பச் சுற்றுகளுக்குக் குரோம் மாஸ்க் செய்யாதீர்கள். மாஸ்க் இல்லாமல் நேரடியாக எழுதும் லேசர் கருவி இருக்கும் ஃபேப்பைப் பாருங்கள். பின்பக்க ஜன்னல் 1.74-க்குப் பதில் 1.80 வேண்டும் என்று தெரிந்தால், கோப்பைத் திருத்தி அன்றைக்கே எழுதலாம்.

கருவி பழுதாவதும் இதில் சேரும். எலெக்ட்ரான் பீம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது ஆறு வாரம் நின்றுவிட்டது என்றால் உங்கள் வேலையும் ஆறு வாரம் நிற்கும். வலையமைப்பில் இருக்கும் ஃபேப் என்றால் பக்கத்துத் தளத்துக்கு அனுப்பலாம். ஆனால் ரெசிபி அப்படியே பெயராது. வேறு தயாரிப்பாளரின் எட்ச்சரில் அதே அழுத்தம், அதே சக்தி கொடுத்தாலும் வேறு சுவர்தான் வரும். மாற்று இடத்தில் மீண்டும் சீரமைக்க ஆகும் நாட்களையும் சேர்த்துத்தான் அதை ஒரு மாற்று வழி என்று சொல்ல முடியும்.

நிறுவனங்களுக்கு

தொழில் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் கல்வி நிறுவனங்களுக்கு இருப்பதைவிட அதிகம். பொதுப் பணத்தில் ஓடும் இடம் என்பதால் அது நியாயமும்கூட. அவர்களுடைய கவலை வேறு இடத்தில் இருக்கும்: கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? வெறும் கருவிப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கட்டினால் பொதுவாக உரிமை பயனரிடமே இருக்கும். ஊழியரோ பேராசிரியரோ யோசனை சொல்லிச் சேர்ந்து உருவாக்கினால் நிலைமை மாறும். உள்ளே நுழையும் முன்பே இந்த எல்லையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்னொன்று, திறந்த கூடத்தில் ரகசியம் என்பது ஓரளவுக்குத்தான். பக்கத்து மேசையில் இருப்பவர் உங்கள் மாஸ்க்கைப் பார்ப்பார். முன்பதிவு மென்பொருளில் நீங்கள் எந்தக் கருவியில் எத்தனை மணி இருந்தீர்கள் என்பது தெரியும். காப்புரிமை விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டு உள்ளே போவது நிம்மதி.

விற்பனைக்கான சிப்களைப் பொது ஃபேப்பிலேயே செய்யலாமா? சில இடங்கள் சிறு அளவில் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. அனுமதித்தாலும், ஆறு மாதம் கழித்து அதே படலம் அதே தடிமனில் வரும் என்று அங்கே யாரும் உறுதி தர மாட்டார்கள். நேற்று மாணவர் ஒருவர் புது உலோகத்தைச் சோதித்த கருவியிலிருந்து மருத்துவச் சாதனத்தின் பாகம் வருகிறது என்றால், தரச் சான்றிதழ் தருகிறவர் எழுந்து போய்விடுவார்.

ஃபவுண்டரிக்கு எப்போது?

பல பேருடைய வடிவமைப்பை ஒரே வேஃபரில் சேர்த்துச் செலவைப் பிரித்துக்கொள்ளும் கூட்டு வேஃபர் முறையை 1981 முதல் அமெரிக்காவின் மோசிஸ் சேவை நடத்திக் காட்டியது. ஐரோப்பாவில் யூரோபிராக்டிஸ் அதையே செய்கிறது. மெம்ஸ் எனப்படும் நுண் இயந்திரச் சாதனங்களுக்கு மூன்று பாலிசிலிக்கான் அடுக்கும் மேலே தங்கமும் உள்ள பாலிமம்ப்ஸ் என்ற நிலையான செய்முறை இருக்கிறது. சிலிக்கானில் ஒளிச் சுற்றுகள் செய்யும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸுக்கு சவுத்தாம்ப்டனின் கார்னர்ஸ்டோன் போன்ற கூட்டு ஓட்டங்கள் இருக்கின்றன.

ஃபவுண்டரியின் பலம் ஒரே வரியில் அடங்கும்: அடுக்குகளை நீங்கள் தொட முடியாது, அதனால் அவை மாறாது. உங்கள் புதுமை முழுவதும் வடிவத்தில்தான் இருக்கிறது, பொருளில் இல்லை என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. அலை வழிகாட்டி, வளைய ஒத்ததிர்வி என்று சுற்று வரைகிற ஃபோட்டானிக்ஸ் குழு ஒன்று எட்ச்சிங் கற்றுக்கொண்டு இரண்டு ஆண்டைச் செலவழிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் கோப்பை அனுப்பிவிட்டு அளவிடும் மேசையைத் தயார்செய்யலாம். கிராஃபீன், இருபரிமாணப் பொருட்கள், புது பாலிமர், பெரோவ்ஸ்கைட் என்று போகிறவர்களுக்கோ வழக்கமான ஃபவுண்டரி பெரும்பாலும் கைகொடுக்காது. நம் சென்சார் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சவ்வும் ஹீட்டரும் மெம்ஸ் ஃபவுண்டரிக்குப் பழக்கமானவை. டின் ஆக்சைடு அப்படியல்ல.

பலவீனம் சுற்று நேரம். கூட்டு ஓட்டத்துக்குத் தேதி உண்டு; தவறினால் அடுத்த தேதி. அனுப்பியது சிப்பாகத் திரும்ப மாதங்கள் ஆகும். இடைத்தரகரை நம்பியிருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. கூகுளும் ஸ்கைவாட்டரும் 2020-இல் 130 நானோமீட்டர் செய்முறையின் வடிவமைப்புக் கோப்புகளைத் திறந்துவிட்டபோது, எஃபேப்லெஸ் நிறுவனம் வழியாகப் பலர் முதன்முறையாகச் சிப் செய்து பார்த்தார்கள். 2025 மார்ச்சில் எஃபேப்லெஸ் மூடப்பட்டது. பலருடைய சிறு வடிவமைப்புகளை ஒரே சிப்பில் சேர்க்கும் டைனி டேப்அவுட் போன்று அதை நம்பியிருந்த திட்டங்கள் வேறு ஃபவுண்டரிகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

கலந்து செய்வது

எனக்குச் சரியென்று படுவது ஒரு கலவை. செய்வதைப் பகிர்ந்துகொள்ளுங்கள், அளப்பதைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். புரோப் ஸ்டேஷன் (ஊசிமுனையால் சிப்பைத் தொட்டு அளக்கும் மேடை), நல்ல மைக்ராஸ்கோப், கம்பி இணைப்பி, வாயு ஓட்டச் சோதனைப் பெட்டி ஆகியவை உங்கள் கூடத்திலேயே இருந்தால், வேஃபர் வந்த அன்றே தவறு எங்கே என்று தெரிந்துவிடும். அளக்கவும் முன்பதிவு போட்டுக் காத்திருக்கிறவருக்கு ஒவ்வொரு சுற்றும் இரண்டு வரிசை. கூடவே சிறிய ரெசிஸ்ட் சுழற்றியும் சூட்டுத் தட்டும் ஒரு புகைப்போக்கியும் இருந்தால், நம் சென்சாரின் டின் ஆக்சைடு போன்ற யாரும் தங்கள் கருவிக்குள் விட விரும்பாத கடைசி அடுக்கை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் சுமாரான ஃபேப், தூரத்தில் பிரமாதமான ஃபேப் என்றால்? சுற்று அதிகம் தேவைப்படும் வேலைக்கு நான் பக்கத்தையே சொல்வேன். தூரத்து ஃபேப்பை அங்கே மட்டுமே இருக்கும் ஒரு படிக்கு, உதாரணமாக எலெக்ட்ரான் பீமுக்கு, வைத்துக்கொள்ளலாம். அப்படி வேஃபரைப் பயணம் அனுப்புவதாக இருந்தால் சவ்வை அரிப்பதற்கு முன் அனுப்புங்கள். ஒரு மைக்ரானுக்கும் குறைவான நைட்ரைடுச் சவ்வு கூரியர் பெட்டியின் குலுக்கலை எப்போதும் தாங்கும் என்று சொல்ல முடியாது. திரும்பி வந்த வேஃபரை மற்ற ஃபேப் எந்தத் தரமாகக் கருதும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே போய் வந்த வேஃபர் பெரும்பாலும் சுத்தமான உலைக்குத் திரும்பாது.

ஃபவுண்டரியோடு பேச்சை, சென்சார் முழுதாகச் சரியான பிறகு ஆரம்பிப்பதைவிட, மூன்றாவது சுற்றில் ஆரம்பிப்பது நல்லது. தொழில்முறைக் கூடங்கள் லிஃப்ட்-ஆஃபை அவ்வளவாக விரும்புவதில்லை. உலோகத்தை முழுக்கப் பூசி அரிக்கும் முறையைக் கேட்பார்கள். பிளாட்டினத்தை அரிப்பது எளிதல்ல என்பதால் அயனிக் கற்றையால் செதுக்குவதா, ஹீட்டரை டங்ஸ்டனுக்கோ பாலிசிலிக்கானுக்கோ மாற்றுவதா என்ற பேச்சு வரும். தங்கப் பட்டைக்குப் பதில் அலுமினியம் போதுமா என்று கேட்பார்கள். பொட்டாசியம் கரைசலுக்குப் பதில், சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடும் ஃப்ளூரோகார்பனும் மாறி மாறி வரும் ஆழ்ந்த பிளாஸ்மா அரிப்பைச் சொல்வார்கள். அதில் சுவர் செங்குத்தாக இறங்குவதால் 1.74 மில்லிமீட்டர் ஜன்னல் 1 மில்லிமீட்டருக்குச் சுருங்கி, ஒரே வேஃபரில் கூடுதல் சென்சார்கள் அடங்கும். இந்த மாற்றங்களில் எதையெல்லாம் ஏற்கலாம் என்பதைப் பொது ஃபேப்பில் இன்னும் ஓரிரு சுற்று ஓட்டிச் சோதிக்க உங்களுக்கு அப்போது நேரம் இருக்கும். 150 அல்லது 200 மில்லிமீட்டர் வேஃபருக்கு மாறும்போது தடிமனும் கூடும் என்பதால் அரிப்பு நேரத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.